கூப்பு: பிச்சாவரத்தில் பழி யார் மேல?

நான் மஞ்சக்குப்பத்துக்காரன். வெளியூர்ச் சொந்தக்காரங்க வந்தா, சிதம்பரம் போய் கிள்ளை வழியா பிச்சாவரம் கூட்டிட்டுப் போறது எங்க வீட்டு வழக்கம். படகில் உட்கார்ந்ததும் யாராவது ஒருத்தர் 'இதயக்கனி' படப்பிடிப்பைப் பத்தி ஆரம்பிச்சுடுவாங்க. அந்தக் காடு காலங்காலமா அப்படியே இருக்குன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன். ஆனா அதோட உள்பகுதியில் நிறைய இடம் ஒரு காலத்தில் மொட்டையாக் கிடந்தது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல மரங்களைத் தெரிஞ்சுக்குவோம். வாய்க்கால் ஓரமா, தூண் மாதிரி வேர் ஊன்றி நிக்கிறது சுரபுன்னை. அதுக்குப் பின்னாடி, சேற்றிலிருந்து மூச்சு வேர்களை மேலே நீட்டிக்கிட்டு இருக்கிறது வெண்கண்டல். கண்ணில் பால் பட்டால் எரியுமே, அந்தத் தில்லையும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்தது இந்த மரத்தால்தான். இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து உருவான ஒரு மரத்துக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே அறிவியல் பெயராக வெச்சிருக்காங்க. 1990களில் அதை விவரித்தவர் அங்கே ஆய்வாளராக இருந்த கதிரேசன்.

ஆனா பிரிட்டிஷ் கால வனத்துறை கணக்கில் இதெல்லாம் வெறும் விறகு. காட்டைத் துண்டு துண்டாகப் பிரிச்சு, முறை வெச்சு ஒவ்வொரு துண்டையும் முழுசா வெட்டினாங்க. அந்தத் துண்டுக்குப் பேர்தான் கூப்பு. வெட்டின இடம் தானாக வளர்ந்துடும்கிறது திட்டம். மலைக்காட்டில் அடிமரம் துளிர்க்கலாம். இங்கே பல இடத்தில் அது நடக்கலை. சுதந்திரத்துக்குப் பிறகும் 1970கள் வரை இந்த முறை ஓடுச்சு.

வெட்டின இடம் ஏன் வளரலை? பழி விழுந்தது சுத்தியிருக்கிற குப்பங்கள் மேல. மாடு மேய்க்கிறாங்க, விறகு வெட்டுறாங்கன்னு சொன்னாங்க. அது நடக்கவே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஆனா அதுதான் மூல காரணமா?

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மண்ணையும் தண்ணியையும் பார்த்தாங்க. மரம் போனதும் சேறு நேரடி வெயிலில் காய்ஞ்சிருக்கு. ஈரம் போன மண் சுருங்கி, தரை தாழ்ந்து, தொட்டி மாதிரி ஆகியிருக்கு. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணி வத்தத்தில் வெளியே போக வழியில்லை. அங்கேயே தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கிட்டே போச்சு. அந்த உப்பில் கண்டல் விதை பிழைக்காது. ஆக, காட்டைக் கெடுத்ததில் பெரிய பங்கு வெட்டின முறைக்குத்தான்.

என் வேலையிலும் இதைப் பார்த்திருக்கேன். சிஸ்டம் படுத்தா முதல்ல யூசரைத்தான் திட்டுவோம். டிசைனில் தப்பு இருக்குமோன்னு கடைசியாத்தான் தோணும்.

தீர்வு ரொம்ப எளிமை. இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தா மீன் முள் மாதிரி தெரியும். ஏற்ற வத்தத்தில் தண்ணி வந்து போக, உப்பு குறைஞ்சது. அப்புறம்தான் கரையில் வெண்கண்டல் நட்டாங்க. வனத்துறையோட சேர்ந்து இந்த வேலையைச் செய்தவங்க யார் தெரியுமா? எந்தக் குப்பங்கள் மேல பழி போட்டாங்களோ, அந்தக் குப்பத்து மக்கள்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி எங்க மாவட்டத்தில் எத்தனை பேரைக் கொண்டுபோச்சுன்னு உங்களுக்கே தெரியும். கடலோர மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவுன்னு, கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு ஆய்வு 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம்கிறதும் முக்கியம்னு மறுத்தவங்களும் உண்டு. காடு மட்டுமே காப்பாத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். ஒரு இடம் செத்துப் போச்சுன்னா, அங்கே வாழ்றவங்களைக் கை காட்டுறதுக்கு முன்னாடி, அங்கே தண்ணி எப்படி வந்து போகுதுன்னு பார்க்கணும். அடுத்த முறை படகில் போகும்போது அந்த நேர்கோட்டு வாய்க்கால்கள் எங்கேன்னு படகுக்காரர்கிட்ட கேளுங்க. அவர் வீட்டிலேயே யாராவது வெட்டினதா இருக்கலாம்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.