மகிழுந்து வண்ணப்பூச்சு மெருகேற்றல்

மகிழுந்து வண்ணப்பூச்சு மெருகேற்றல் என்பது புதிதாக அடித்த பூச்சு இறுகிய பின், அதன் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்து பளபளப்பாக்கும் பணி ஆகும். பட்டறைகளில் இது ரப்பிங், பாலிஷ் என வழங்கும். பொறுமை இருப்பின் வீட்டிலும் செய்யலாம்.

1920களில் டியூபாண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய நைட்ரோசெல்லுலோசுப் பூச்சின் வணிகப்பெயரான டூக்கோ, இந்தியாவில் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. பல அடுக்குகளாக அடிக்கப்பட்ட அப்பூச்சு தேய்ப்பைத் தாங்கியது. தற்காலப் பூச்சில் நிறப்படலத்தின் மேல் உள்ள நிறமற்ற காப்புப்படலம் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமனே உடையது. மெருகேற்றல் பளபளப்பைச் சேர்ப்பதில்லை; இப்படலத்தைச் சிறிது குறைத்தே அதைப் பெறுகிறது.

முதலில் 1500, பின்னர் 2000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் நனைத்து, தூசிப் புள்ளிகளும் ஆரஞ்சுத்தோல் போன்ற மேடுபள்ளமும் மறையும்வரை மட்டும் தேய்ப்பர். மங்கிய பரப்பைக் கழுவி, ரப்பிங் காம்பவுண்டாலும் பின் நுண்ணிய பாலிஷாலும் ஒளிபெறச் செய்வர். விளிம்புகளில் பூச்சு மெல்லியதாகையால் அவற்றை ஒட்டுநாடாவால் மூடுவது நன்று. தேய்க்கும் நீர் வெண்மையாக ஓடலாம். வண்டியின் நிறம் கலந்து வந்தால் காப்புப்படலம் அறுந்துவிட்டது என்று பொருள். அதற்கு மறுபூச்சே வழி.

புதுச்சேரி போன்ற கடலோர நகரங்களில் காற்றில் வரும் உப்பையும் மணலையும் நன்னீரால் கழுவிய பின்னரே துணி வைக்கவேண்டும். ஒரு மணல் துகளே கீறலிட்டுவிடும். வெயிலில் சூடேறிய உலோகத்தில் காம்பவுண்டு உடனே உலர்வதால் நிழலே ஏற்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரக்காற்றில் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு அடித்தால் பால்போல் வெளிறும். எஞ்சிய கரைப்பான் வெளியேற வேண்டியிருப்பதால் மெழுகு பூசுவதற்கு 30 முதல் 90 நாட்கள் காத்திருப்பது வழக்கம்.