பத்தாம் வகுப்பிலேயே டாக்டர்: நாமக்கல் பள்ளிகளின் கதை

அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகங்களில் சேர 'ஏர்லி டிசிஷன்' என்று ஒரு வழி இருக்கிறது. மற்ற மாணவர்கள் ஜனவரி வாக்கில் விண்ணப்பம் போடுவார்கள். இந்த வழியில் போகிறவர்கள் நவம்பரிலேயே ஒரே ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, இடம் கொடுத்தால் சேர்ந்தே தீருவேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். டிசம்பர் மத்தியில் முடிவு வந்துவிடும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் வாபஸ் வாங்கிவிட வேண்டும். எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பே இல்லை. ஆக, காசைப் பற்றிக் கவலை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது தோது. வசதி உள்ளவர்களுக்கே மேலும் வசதி செய்து தருகிறது என்ற காரணத்துக்காகத்தான் 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தன. (2011-ல் இரண்டும் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. ஆனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் இல்லை.)

நம்மூரில் இப்படி எதுவும் கிடையாது, எல்லாம் கட்-ஆஃப் மார்க்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சேலத்திலிருந்து ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல், பரமத்தி வேலூர் என்று ஒரு சுற்று பஸ்ஸில் போய் வந்தால் அந்த நினைப்பு மாறிவிடும். இங்கே அந்தக் கையெழுத்தைப் போட்டது பதினைந்து வயதுப் பிள்ளைகள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் இது எப்படி வந்தது என்று புரியும்.

1960-களில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கல்லூரியில் பி.யு.சி. ஒரு வருடம் படித்து, அதற்குப் பிறகுதான் மருத்துவமா வேறு ஏதாவதா என்ற பேச்சே வரும். மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைக் கணக்குப்படி பங்கு போடும் விதி சென்னை மாநிலத்தில் அப்போது இருந்தது. அப்படியென்றால் சேலம் மாவட்டத்துக்கும் (நாமக்கல் அன்று அதற்குள்தான் இருந்தது) தனிப் பங்கு. 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்து பெரியகருப்பன் வழக்கு. அப்போது மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு. அது அதிகமாகத் தெரிகிறதே என்று நீதிபதிகளே சொன்னார்கள். 75 மார்க் ஐந்து நிமிடப் பேச்சில் கைமாறினால், சிபாரிசுக்கு ஆள் இல்லாத கிராமத்துப் பையன் என்ன செய்வான்?

1978-ல் பி.யு.சி. போய் பள்ளிக்குள்ளேயே ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வந்தது. பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் எந்த குரூப் எடுப்பது என்ற முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு எடுக்க வேண்டியதாயிற்று. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300 என்பது நீண்ட காலம் நடைமுறையில் இருந்த கணக்கு. இதில் ஒரு நல்லதும் நடந்தது. யார் பிள்ளை, எந்த ஊர் என்பதெல்லாம் போய் எண் மட்டும் மிஞ்சியது. எண்ணை உழைத்து வாங்கலாம் அல்லவா? அதைத்தான் நாமக்கல் கண்டுபிடித்தது.

மழை குறைந்த மேட்டு நிலத்தில் கோழிப் பண்ணை வைத்தவர்கள், லாரிக்கு பாடி கட்டியவர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு வடநாடு முழுக்க போர் போடப் போனவர்கள் உள்ள ஊர் இது. கூட்டாகப் பணம் போட்டுத் தொழில் தொடங்குவது இங்கே ரத்தத்திலேயே ஊறியது. 1990-களிலும் அதற்குப் பிறகும் பள்ளிகளும் அப்படித்தான் எழுந்தன. பெரிய ஹாஸ்டல், விடியலுக்கு முன்பே படிப்பு, தினமும் ஒரு டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பாட்டுத் தூக்குடன் வாசலில் நிற்கும் அப்பா அம்மா. ப்ளஸ் ஒன் மதிப்பெண் எந்தச் சேர்க்கைக்கும் தேவைப்படவில்லை என்பதால், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைச் சீக்கிரமே மூடிவிட்டு ப்ளஸ் டூ பாடத்தைக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் நடத்தினார்கள். 'பிராய்லர் பள்ளி' என்று பத்திரிகைகள் கிண்டல் செய்தன. கோழிக்குப் பெயர் போன ஊராச்சே, கிண்டல் சுலபமாக ஒட்டிக்கொண்டது. ஆனால் திட்டியவர்களே மே மாதம் அதே பள்ளியின் விண்ணப்ப வரிசையில் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நுழைவுத் தேர்வு கிராமத்து மாணவர்களைப் பாதிக்கிறது என்று 2005-ல் ஜெயலலிதா அரசு அதை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு தி.மு.க. அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்து, சட்டம் இயற்றி, ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கி, 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் இனி 200-க்கு எவ்வளவு என்பது ஒன்றே கேள்வி. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மேலே உள்ளவர்களுக்கு இடையே கால் மார்க், அரை மார்க் இடைவெளிதான். எல்லாம் சமமாக இருந்தால் பிறந்த தேதி, அதுவும் சமம் என்றால் ரேண்டம் எண். அரை மார்க்குக்காக இரண்டு வருடம் ஹாஸ்டலில் இருப்பது இதற்குப் பிறகு நியாயமான கணக்காகவே தெரிந்தது. 2013-ல் ப்ளஸ் டூவில் மாநில முதலிடம் பிடித்த இருவருமே நாமக்கல் மாவட்டப் பள்ளி மாணவர்கள். இத்தனைக்கும் அந்த மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல்தான்!

இந்த ஆட்டத்தில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்த உடனே லட்சக்கணக்கில் பணம் புரட்ட முடிந்த குடும்பங்கள். சிலர் தோட்டத்தை அடகு வைத்தார்கள். இன்னொரு பக்கம், பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச இடம் கொடுத்தும் அழைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மாணவர்கள் சிலருக்கு அரசே பணம் கட்டி நல்ல தனியார் பள்ளியில் சேர்த்த திட்டமும் உண்டு. பையன் மனசு மாறி, "எனக்கு வரலாறு பிடிக்கிறது" என்று நடுவில் சொன்னால்? அதற்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. அமெரிக்கக் கையெழுத்தாவது பதினேழு வயதில் போடுவது.

2017-ல் எல்லாம் தலைகீழானது. முந்தைய வருடம் அவசரச் சட்டத்தால் தப்பித்த தமிழ்நாடு அந்த வருடம் நீட்டுக்குள் வந்தது. கடைசி நேரத்தில் விலக்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த வருட மாணவர்கள் 2015-ல் ஒரு விதியை நம்பி முடிவெடுத்தவர்கள். இரண்டு வருடம் கழித்து விதி வேறு. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் ப்ளஸ் டூ மதிப்பெண் 1200-க்கு 1176, மருத்துவக் கட்-ஆஃப் 196.75. நாமக்கல்லுக்கு வராமலேயே படித்து வாங்கியது. பழைய முறையில் இடம் உறுதி. உச்ச நீதிமன்றம் வரை போயும் பலன் இல்லாமல் செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதே 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. நாமக்கல் பள்ளிகளுக்கு இரண்டுமே அடிதான், ஆனால் அவர்கள் படுத்துவிடவில்லை. நீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் உண்டு என்பதால் மூடிய புத்தகத்தைத் திறந்தார்கள். ப்ளஸ் டூ முடித்து ஒரு வருடம், இரண்டு வருடம் மறுபடி எழுதுகிற 'ரிப்பீட்டர்' பேட்ச் ஆரம்பித்தது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கைப்படி, மருத்துவம் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம். இன்னொரு பக்கம் ஆறாம் வகுப்பிலிருந்தே ஃபவுண்டேஷன் வகுப்பு என்ற விளம்பரம். ஆக, முடிவு பத்தாம் வகுப்பிலிருந்து பதினொரு வயதுக்கு இறங்கிவிட்டது.

2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை இங்கே சொல்லியே ஆக வேண்டும். நீட் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதல் வருடமே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள். ஆட்டோ ஓட்டுபவர், கூலி வேலை செய்பவர் வீட்டிலிருந்து பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். நிபந்தனை ஒன்று: ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் முதலாவதாக வந்து, இலவச இடம் கிடைத்ததே என்று ப்ளஸ் ஒன்னுக்கு நாமக்கல் தனியார் பள்ளிக்குப் போன மாணவிக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. பத்து வருடங்களுக்கு முன் ஊரே வாழ்த்தி அனுப்பிய அதே பயணம்தான். இன்று ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ அரசுப் பள்ளி ஆசிரியரிடம் ஒரு பெற்றோர் யோசனை கேட்டால், "டி.சி. வாங்காதீங்க, இங்கேயே படிக்கட்டும்" என்பதே சரியான பதில்.