தோல் கூறும் சான்று
இரசாயனப் பரிசோதனையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஐம்பொறிகளை வகுத்த நம் முன்னோர் தொட்டு உணரும் பொறியினை ‘மெய்’ என அழைத்தனர். உடலுக்கும் உண்மைக்கும் ஒரு சொல்லே அமைந்தமை சிந்தனைக்குரியது. புதிய இரசாயனப் பொருளொன்று தீங்கு செய்யுமா என்னும் வினா எழுந்த காலந்தொட்டு, அதற்கு மெய்யான விடை கூறவேண்டிய பொறுப்பு மெய்யின் போர்வையாகிய தோலின்மீதே சுமத்தப்பட்டு வந்துள்ளது. ஆயின் அத்தோல் எவருடையது? இவ்வினாவை மையமாகக் கொண்டு, கடந்த இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலப்பகுதியில் தோலின் எதிர்வினை எவ்வாறு அறியப்பட்டது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனிற் காணலாம். குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏறித் துப்புரவு செய்வதற்கு வறிய சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். இத்தொழில் செய்தோரின் விதைப்பைத் தோலிற் புற்றுநோய் தோன்றுவதையும், அதற்குக் காரணம் மடிப்புகளிற் படியும் கரியே என்பதையும் புனித பார்தலோமியு மருத்துவமனையின் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் 1775ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். தொழில்சார் புற்றுநோய் ஒன்று தெளிவாக இனங்காணப்பட்ட முதற் சந்தர்ப்பங்களுள் இஃது ஒன்றாகும். எனினும், சிறுவர்களைப் புகைபோக்கியுள் ஏற்றும் வழக்கத்தை நடைமுறையில் முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 1875ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. மருத்துவர் கண்ட உண்மைக்கும் அரசு செய்த சட்டத்துக்கும் இடையே சரியாக நூறாண்டுகள் கழிந்தன. அறிவு பிறந்தவுடன் அறமும் பிறந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பொட் கண்டது தொடர்பு. காரணத்தை ஆய்வுகூடத்தில் நிறுவியவர்கள் யப்பானியர். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் யமகிவா கட்சுசபுரோவும் இச்சிகாவா கொய்ச்சியும் முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரினைப் பல மாதங்கள் தொடர்ந்து பூசி, அங்கே புற்றுநோயைத் தோற்றுவித்த செய்தியை 1915இல் வெளியிட்டனர். தொழிலாளியின் தோல் கூறிய சான்றினை விலங்கின் தோல் உறுதிப்படுத்தியது. அன்றிலிருந்து விலங்கின் தோல் ஆய்வுகூடத்தின் நிலையான கருவிகளுள் ஒன்றாயிற்று.

இதற்கு முன்னரே ஜேர்மனிய மருத்துவ உலகில் வேறொரு போக்கு உருவாகியிருந்தது. தோலியல் அறிஞர் யோசெப் யாடசோன், பாதரச மருந்தினால் தோலழற்சியுற்ற நோயாளரிடம் அம்மருந்தினைச் சிறு இடத்தில் ஒட்டி வைத்து, அவ்விடத்தில் மாத்திரம் அழற்சி தோன்றுவதை அவதானித்தார். 1895இல் கிராஸ் நகரிற் கூடிய தோலியலாளர் மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்தார். இன்றும் தோல் மருத்துவமனைகளிற் கையாளப்படும் ஒட்டுப் பரிசோதனைக்கு இதுவே மூலமாகும். சந்தேகத்துக்குரிய பொருள்கள் முதுகில் இரு நாட்கள் ஒட்டி வைக்கப்பட்டு, அகற்றிய போதும் அதன் பின்னரும் பலன் பார்க்கப்படுகின்றது.

ஈண்டு இருவகை எதிர்வினைகளை வேறுபடுத்தி அறிதல் அவசியம். முதலாவது உறுத்தல். அமிலமோ காரமோ சவர்க்காரமோ மேற்றோலின் கொம்புப் படையைச் சிதைத்துக் கலங்களை நேரடியாகத் தாக்குகின்றது. போதிய அளவு பட்டால் எவருடைய தோலும் சிவந்து வீங்கும். இரண்டாவது ஒவ்வாமை. சிறிய மூலக்கூறொன்று கொம்புப் படையை ஊடுருவிச் சென்று உடற் புரதத்துடன் இணைகின்றது; நிர்ப்பீடனத் தொகுதி அச்சேர்க்கையை அந்நியமாகக் கருதி நினைவில் வைத்துக்கொள்கின்றது; மறுமுறை மிகச் சிறிதளவு பட்டாலும் சினந்தெழுகின்றது. இது சிலருக்கு மட்டுமே நிகழ்வது. இந்நினைவு குருதி நீரிலன்றிக் கலங்களிலேயே உறைகின்றது என்பதை லான்ட்ஸ்டைனரும் சேசும் 1942இல் கினிப் பன்றிகளைக் கொண்டு காட்டினர்.

ஒவ்வாமையின் கொடுமையைப் பொதுமக்கள் உணர்ந்தது ஓர் அழகுசாதனப் பொருளாலாகும். 1930களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட ‘லாஷ் லூர்’ என்னும் இமைச்சாயத்திற் பரா-பினைலின்டையமீன் கலந்திருந்தது. அதனைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் கண்பார்வையை இழந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. அந்நாட்டின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் அழகுசாதனப் பொருள்களைத் தொடாமையால் அரசு கைகட்டி நிற்க நேரிட்டது. 1938இல் இயற்றப்பட்ட புதிய சட்டமே இக்குறையை நீக்கியது. ஆயினும் அச்சட்டமும் தார்ச் சாய வகையைச் சேர்ந்த கூந்தற் சாயங்களுக்கு விலக்களித்து, முதலிற் சிறிதளவு தோலில் இட்டுப் பார்க்குமாறும் இமையிற் பூசாதிருக்குமாறும் எச்சரிக்கை அச்சிடுவதே போதும் என்றது. அதாவது, வாங்குபவரின் தோலே பரிசோதனைக்களமாயிற்று.

புதிய சட்டத்துக்கு அளவுகோல் தேவைப்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தைச் சேர்ந்த ஜோன் டிரெய்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1944இல் வெளியிட்ட முறை அவ்விடத்தை நிரப்பியது. முயலின் முதுகு உரோமம் மழிக்கப்பட்டுப் பொருள் ஒட்டப்படும். 24 மணித்தியாலத்திலும் 72 மணித்தியாலத்திலும் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை புள்ளி இடப்படும். துன்பத்தை எண்ணாக மாற்றிய இம்முறை உலகெங்கும் பரவியது. ஆயின் இது பார்ப்பவரின் கண்ணை நம்பிய முறை. 1971இல் வைல், ஸ்காலா ஆகிய இருவரும் வெளியிட்ட ஒப்பாய்வு, ஒரே பொருளுக்கு வெவ்வேறு ஆய்வுகூடங்கள் பெரிதும் முரண்பட்ட புள்ளிகளை வழங்கியமையை வெளிப்படுத்தியது. மேலும் முயலின் தோல் பல பொருள்களுக்கு மனிதத் தோலினும் மிகையாக எதிர்வினை காட்டுவது. முயலைத் துன்புறுத்தியும் மனிதனைப் பற்றிய உறுதியான விடை கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

அவ்வாறாயின் மனிதத் தோலையே நாடலாமே எனச் சிலர் எண்ணினர். இவ்வரலாற்றின் இருண்ட பகுதி இதுவாகும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத் தோலியற் பேராசிரியர் அல்பேர்ட் கிளிக்மன், 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறைக் கைதிகளின் தோலிற் பற்பல பொருள்களைச் சோதித்தார். கைதிகளுட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சிறு தொகைப் பணம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அழகுசாதனங்களும் மருந்துகளும் மாத்திரமன்றி, 1960களின் நடுப்பகுதியில் டவ் இரசாயனக் கம்பனிக்காக டையொக்சின் என்னும் கொடிய நச்சும் பூசப்பட்டது. சுயவிருப்பான சம்மதமின்றி எந்த மனிதனையும் பரிசோதிக்கலாகாது என நூரம்பேர்க் நெறிகள் 1947இல் விதித்திருந்தன. அந்நெறிகளை விதித்த நீதிபதிகள் அமெரிக்கர். அவற்றின் மை உலர்ந்து நான்கே ஆண்டுகளில் அமெரிக்கச் சிறையொன்றில் இப்பரிசோதனைகள் தொடங்கின.

சுதந்திரமற்ற ஒருவன் இடும் கையொப்பம் சம்மதமாகுமா? பணமின்றி வாடும் கைதிக்குப் பணம் காட்டுவது விருப்பத்தைக் கேட்பதாகுமா, விருப்பத்தை விலைக்கு வாங்குவதாகுமா? 1978ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சி ஒழுங்குவிதிகள் கைதிகள்மீதான ஆய்வினைக் கடுமையாக வரையறுத்தன. பல்கலைக்கழகம் 2021இலும் பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கோரின. ஆயினும் முகப்பருவுக்கு ரெட்டினோயிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை நிலைநாட்டி, தோலியலுக்குப் பெரும்பணி ஆற்றியவரும் அதே கிளிக்மனே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பர். இங்கோ பயன் ஓரிடம், வடு ஓரிடம். அறிவின் பயனைத் துய்க்கும் நாம் அதன் வடுவைச் சுமந்தோரை மறத்தல் நேர்மையாகாது.

மாற்றுவழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1975இல் மசாசூசெட்ஸ் தொழினுட்பவியல் நிறுவகத்தின் றைன்வால்ட், கிறீன் ஆகியோர், கதிர்வீச்சினாற் பெருக்கம் தடுக்கப்பட்ட சுண்டெலிக் கலங்களைத் துணைப்படையாக வைத்து, மனித மேற்றோற் கலங்களை ஆய்வுகூடத்திற் பெருக்கும் முறையைக் கண்டனர். தீக்காயமுற்றோருக்குத் தோல் ஒட்டுவதற்கு இது பெரிதும் பயன்பட்டது. எனினும் திரவத்துள் மூழ்கிய கலங்கள் முழுமையான கொம்புப் படையை உருவாக்கவில்லை. 1983இற் பிரான்சின் புறூனியராசும் அவரது குழுவினரும், கலப்படையின் மேற்பரப்பைக் காற்றுக்கு வெளிப்படுத்திக் கீழிருந்து ஊட்டமளித்தால் அப்படை தானாகவே உருவாகும் எனக் காட்டினர். உடலிலும் தோல் காற்றுக்கும் குருதிக்கும் நடுவேதான் வாழ்கின்றது. அந்நிலையை ஆய்வுகூடத்தில் அளித்ததே இம்முறையின் வெற்றியாகும்.

இவ்வாறு மீளாக்கப்பட்ட மேற்றோலின்மீது இரசாயனப் பொருள் சிறிது நேரம் இடப்பட்டுக் கழுவப்படுகின்றது. ஏறத்தாழ 42 மணித்தியாலங்களின் பின் எம்.ரி.ரி. என்னும் மஞ்சட் சாயம் சேர்க்கப்படும். உயிருள்ள கலங்கள் அதனை ஊதா நிறமாக்கும். அந்நிறத்தின் செறிவை அளந்து, கலங்களின் உயிர்ப்பு ஐம்பது சதவீதத்துக்கு மேற்படாவிடின் அப்பொருள் உறுத்தும் பொருளாகக் கொள்ளப்படும். பார்ப்பவரின் கண்ணுக்குப் பதிலாகக் கருவியின் அளவீடு வந்தது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2010இல் இதனைத் தன் 439ஆம் இலக்க வழிகாட்டியாக ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல், அழகுசாதன நோக்கிற்காக விலங்குகளிற் சோதிக்கப்பட்ட புதிய பொருள்களின் விற்பனையை முற்றாகத் தடைசெய்தது. மருத்துவ உபகரணங்களுக்கான சர்வதேச நியமம் 2021இல் இதே பாதையைப் பின்பற்றியது. உபகரணத்தின் பிளாத்திக்கு முதலியவற்றிலிருந்து கசியக்கூடியவை உப்புநீரிலும் நல்லெண்ணெயிலும் ஊறவைத்துப் பிரித்தெடுக்கப்பட்டு மேற்றோலின்மீது இடப்படுகின்றன. நீரிற் கரைவனவும் எண்ணெயிற் கரைவனவும் தனித்தனியே வெளிப்படுவதற்காகவே இவ்விரண்டும் கையாளப்படுகின்றன.

இதனால் வினா முற்றாகத் தீர்ந்ததெனக் கொள்வது தவறு. மீளாக்கப்பட்ட இம்மேற்றோலிற் குருதிக்கலன் இல்லை, நரம்பு இல்லை, நிர்ப்பீடனத் தொகுதியும் இல்லை. ஆதலால் உறுத்தலை அது கூறும். ஒவ்வாமையைத் தனித்து நின்று கூறாது. ஒவ்வாமையை முன்னறிவதற்குப் புரத இணைப்பு, கலங்களின் தூண்டல் முதலிய பல சோதனைகளை ஒருங்கிணைக்கும் முறை 2021இலேயே வழிகாட்டியாயிற்று. நோயாளர் ஒருவரின் ஒவ்வாமையை அறிவதற்கோ யாடசோனின் ஒட்டுப் பரிசோதனையே இன்றும் வேண்டும். ஆயின் அங்கே தன் தோலைத் தருபவரே பயனையும் பெறுகின்றார். புகைபோக்கிச் சிறுவனுக்கும் ஹோம்ஸ்பேர்க் கைதிக்கும் அந்நியாயம் வாய்க்கவில்லை.

மேலும், வளர்க்கப்படும் கலங்களும் எவரோ ஒருவரின் உடலிலிருந்தே வருவன. பெரும்பாலும் சத்திரசிகிச்சையின்போது அகற்றப்படும் தோலிலிருந்து பெறப்படுவன. அவரிடம் கேட்கப்பட்டதா என்னும் வினா, சிறைக்கூடத்திலிருந்து கலவளர்ப்புக் கிண்ணத்துக்கு இடம்பெயர்ந்துள்ளதேயன்றி மறைந்துவிடவில்லை. ஆய்வுகூடத்தினுள் நுழையவிருக்கும் மாணவர் அளவீட்டின் நுட்பத்தைக் கற்பதோடு, அளக்கப்படுவது எவருடையது என வினவவும் கற்றல் வேண்டும். மேற்கூறிய வரலாற்றில் அவ்வினாவைக் கேட்கத் தாமதித்த ஒவ்வொரு முறையும், அத்தாமதத்தின் விலையை வறியவரின் தோலே செலுத்தியது.