வீட்டுக் கலையகத்துக்கு மொனிற்றர் ஸ்பீக்கர், சப்வூபர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ். குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் எமது மக்கள் வானொலி கேட்டார்கள், கசற் போட்டார்கள். அந்தக் காலத்துக் கசற்றுகள் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றவும், வயோதிபர்களின் வாய்மொழி வரலாற்றையும் தவில், நாதஸ்வரம், கூத்துப் பாட்டுகளையும் பதியவும் வீட்டில் சிறு கலையகம் அமைப்போருக்கான குறிப்புகள் இவை.

ஏன் மொனிற்றர்?

சாதாரண ஸ்பீக்கர்கள் பல, கேட்க இனிமையாக இருக்கவென்று அடித்தொனியைக் கூட்டிக் காட்டுகின்றன. அதை நம்பி நீங்கள் அடித்தொனியைக் குறைத்தால், வேறொரு வீட்டில் கேட்கும்போது தவிலின் தொப்பிப் பக்கம் மறைந்துவிடும். மொனிற்றர் உள்ளதை உள்ளபடி காட்டும். கசற்றின் இரைச்சலும் வேகத் தளம்பலும் அதில் தெளிவாகத் தெரியும்.

எந்த அளவு?

பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 5 அங்குல மொனிற்றர் ஒரு சோடி போதும். உதாரணமாக யமஹா எச்.எஸ். 5 ஏறத்தாழ 54 ஹேர்ட்ஸ் வரையும், 8 அங்குல எச்.எஸ். 8 ஏறத்தாழ 38 ஹேர்ட்ஸ் வரையும் இறங்கும். ஆண் குரலின் அடித்தொனி பொதுவாக 85 ஹேர்ட்ஸ் அளவில்தான் தொடங்குகிறது. ஆகவே பேச்சுப் பதிவுக்குச் சப்வூபர் தேவையில்லை.

சப்வூபர் எப்போது?

தவில், பறை, திரைப்பட ஒலி போன்றவற்றைக் கலவை செய்வோருக்கு அது உதவும். ஆனால் பத்தடிச் சதுர அறையில் 56 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி திரண்டு முழங்கும். சீமெந்துச் சுவர் அதை உறிஞ்சாது. முதலில் மூலைகளில் தடித்த பஞ்சு மெத்தைகளை நிறுத்துங்கள். பின்னர் சப்வூபரை நீங்கள் இருக்கும் கதிரையின் இடத்தில் வைத்து, அடித்தொனி உள்ள பாடலைப் போட்டு, அறையைச் சுற்றித் தரையோடு குனிந்து கேளுங்கள். சீராகக் கேட்கும் இடமே அதற்குரிய இடம். மொனிற்றரிலிருந்து பிரிக்கும் எல்லையை 80 ஹேர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம்.

இரண்டு மொனிற்றர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். உயர்தொனிக் கூம்பு காது மட்டத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரம்

கனடாவிலிருந்து உறவுகள் அனுப்பும் ஸ்பீக்கரை அப்படியே செருக வேண்டாம். அங்கே 120 வோல்ற், இங்கே 230 வோல்ற். பின்புறக் குறிப்பைப் பாருங்கள். 120 மட்டும் என்றிருந்தால் மின்மாற்றி இல்லாமல் போட்டால் எரிந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வருபவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் புவித்தொடுப்பைச் சரிபார்த்து, எக்ஸ்.எல்.ஆர். கேபிளைப் பயன்படுத்துங்கள்.

மொனிற்றரைக் கடைசியாகப் போட்டு, முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 'டும்' என்ற அதிர்வு எழும். அது ஸ்பீக்கருக்கும் கூடாது; ஷெல்லடிக்குள் வாழ்ந்து, தன் கதையைச் சொல்லவந்து முன்னால் இருப்பவருக்கும் கூடாது.

பணம் மட்டாக இருந்தால் சப்வூபரை விட்டு, நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்குங்கள். பதிவின் பிரதிகளை இரண்டு இடங்களிலாவது வையுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்கும் ஒன்றைக் கொடுக்கலாம். மூலக் கசற்றை எறிந்துவிட வேண்டாம்.