பியானோவும் புளூஸ் இசையும்

இத்தாலியின் புளோரன்சு நகரிலே 1700ஆம் ஆண்டளவில் பார்த்தொலோமேயோ கிறிஸ்தோபோரி என்பார் ஆக்கிய பியானோ, இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மரம் வெட்டுவோர் தங்கிய முகாம்களையும் சென்றடைந்தது. அங்கே அதன்முன் அமர்ந்தோர் அடிமைகளாய் இருந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் பாட விரும்பிய பாட்டுக்கோ அக்கருவியில் இடமிருக்கவில்லை. இடமில்லாத கருவியில் அவர்கள் தமக்கு இடம் உண்டாக்கிக்கொண்ட வரலாறே பியானோவிலே புளூஸ் இசை வளர்ந்த வரலாறாகும்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் கறுப்பின மக்களுட் பலர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுது, கடனில் ஆழ்ந்து வாழ்ந்தனர். வயலில் எழுந்த வேலைப்பாட்டும் கோயிலில் எழுந்த பக்திப்பாட்டும் கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் புளூஸ் பிறந்தது. அதன் உயிர் ஒரு சுரத்திலே தங்கியிருந்தது. நமது இசை வழக்கிற் கூறின், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஊசலாடும் ஒரு காந்தாரம் அது. அதனை நீலச் சுரம் என்பர்.

1903ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் புகையிரத நிலையத்திலே ஏழை ஒருவர் கத்தியைக் கிற்றார்த் தந்திகளின்மேல் அழுத்தி இழைத்து வாசிக்கக் கேட்டதாக, இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி தம் வரலாற்றிற் கூறியுள்ளார். தந்தியில் அவ்வாறு சுரத்தை இழைக்கலாம். பியானோவில் இழைக்க முடியாது. ஒரு கட்டைக்கு ஓர் ஒலியே உண்டு. இரு கட்டைகளுக்கு இடையிலுள்ள ஒலி அக்கருவியில் இல்லை.

இக்குறையைப் பியானோக் கலைஞர் இரு வழிகளால் வென்றனர். முதலாவது வழி விரலின் தந்திரம். கறுப்புக் கட்டையைத் தொட்ட விரல் வழுக்கி அடுத்த வெள்ளைக் கட்டையில் இறங்கும்; அன்றி இரு காந்தாரங்களும் ஒருங்கே அழுத்தப்படும். கட்டையில் இல்லாத சுரத்தைக் கேட்போர் செவி தானே உணர்ந்துகொள்ளும். பிற்காலத்தில் தெலோனியஸ் மங்க் என்னும் கலைஞர் இவ்வாறு அடுத்தடுத்த கட்டைகளை மோதவைப்பதிற் பெயர்பெற்றார்.

இரண்டாவது வழி சுரக்கூட்டைப் பற்றியது. பல சுரங்களை ஒருசேர ஒலிப்பிப்பது மேனாட்டு இசையின் இயல்பு. அங்கே சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகியவற்றுடன் கைசிகி நிஷாதமுஞ் சேர்ந்தால், அக்கூட்டு அமைதியற்றது, வேறொரு கூட்டிற் சென்று இளைப்பாற வேண்டியது என்பது இலக்கணம். புளூஸ் கலைஞரோ அவ்வமைதியற்ற கூட்டையே தம் இருப்பிடமாக்கினர். பன்னிரண்டு ஆவர்த்தனங்கள் கொண்ட அவர்தம் பாட்டு, அதிலே தொடங்கி அதிலேயே முடியும்.

தொடக்கத்தில் இவ்விசையை வளர்த்தோர் உழைப்பாளிகளே. துணைக் கருவியாளர் இன்மையால் இடக்கை பறைபோலத் தாளமும் அடிச்சுரமும் ஒலிக்க, வலக்கை பாடகரின் குரலாயிற்று. 'பைன்டொப்' சிமித் 1928ஆம் ஆண்டு டிசெம்பரில் சிக்காகோ நகரிற் பதிவுசெய்த இசைத்தட்டு 'பூகி வூகி' என்னும் பெயரைப் பரப்பியது. மூன்று திங்கள் செல்லுமுன், 1929 மார்ச்சில், அவர் நடனசாலையொன்றிற் குண்டுபட்டு மாண்டார், வயது 24. ஜிம்மி யான்சி பந்தாட்ட மைதானமொன்றைப் பராமரிக்கும் ஊழியர். மீட் லக்ஸ் லூயிசும் அல்பேட் அமன்சும் வாடகைக்கார் ஓட்டியவர்கள். இவ்விருவரும் பீட் ஜோன்சனும் 1938 டிசெம்பர் 23ஆம் நாள் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் வாசித்தபோது, முகாம்களிலும் மதுச்சாலைகளிலும் ஒலித்த இசை பெருமண்டபத்தில் அரங்கேறியது.

குழுவிலே அடிச்சுரத்தை ஒலிக்கப் பெருந்தந்திக் கருவியாளர் அமைந்தபின் இடக்கையின் சுமை குறைந்தது. எல்லாச் சுரங்களையும் அழுத்தவேண்டுவதில்லை, இரண்டே போதும் என்று கலைஞர் கண்டனர். சட்ஜக் கூட்டின் உயிர்ச்சுரங்கள் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும் ஆகும். இரண்டும் ஒவ்வொரு கட்டை கீழிறங்கினாற் சாதாரண காந்தாரமும் சதுச்சுருதி தைவதமும் ஆகும். அவை மத்தியமக் கூட்டின் உயிர்ச்சுரங்கள். முதல் நிலையிலிருந்து ஒவ்வொரு கட்டை மேலேறினாற் சுத்த மத்தியமமும் காகலி நிஷாதமும் ஆகும்; அவை பஞ்சமக் கூட்டுக்குரியன. இரு விரல்கள் ஒரு கட்டைத் தூரம் அசையப் பன்னிரண்டு ஆவர்த்தனங்களும் நிறைவேறும். எஞ்சிய விரல்களோ வேறு சுரங்களைச் சேர்த்துக் கூட்டுக்கு நிறமூட்டும். 1959ஆம் ஆண்டில் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'கைன்ட் ஒவ் புளூ' இசைத்தட்டில் விண்டன் கெல்லியும் பில் எவன்சும் வாசிப்பதைக் கேட்போர் இம்முறையின் சிறப்பை நன்குணர்வர்.

கருவி அவர்களுக்கென ஆக்கப்பட்டதன்று. அதன் இலக்கணமும் அவர்கள் வகுத்ததன்று. எனினும் வழுவெனப்பட்டதையே அவர்கள் வழக்காக்கினர். இன்று புளூஸ் பயிலும் மாணவன் எந்நாட்டவனாயினும், அவர்கள் கண்ட அவ்வழக்கையே பயில்கின்றான்.