தற்காலிகமாக வந்த டீசல்



பழைய டீசல் மின் நிலையங்களை மூடினால் மறுபடியும் இருட்டா என்று பலரும் கேட்கிறார்கள். அவை ஏன் வந்தன என்பதிலிருந்து பார்ப்போம்.

நம் நாட்டின் கரண்ட் தண்ணீரில் வளர்ந்தது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை சமர்ப்பித்தார். லக்சபான இயங்கியதோ 1950இல். மனிதர் அதைக் கண்ட பிறகே 1953இல் காலமானார், அந்தளவில் நல்லது. பிறகு மகாவலி வந்தது: கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல. 1990களின் நடுப்பகுதி வரை நமது மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்தே கிடைத்தது. களனிதிஸ்ஸவில் 1980களின் தொடக்கத்தில் வைத்த சிறிய வாயுச் சுழலிகள் வெறும் காவலுக்குத்தான். மழை பொய்த்தால், அல்லது பெரிய இயந்திரமொன்று விழுந்தால், அவை சட்டென்று எழும்ப வேண்டும். டீசலை மண்டிக் குடிப்பதால் மற்ற நாட்களில் சும்மா கிடப்பதே இலாபம்.

1996இல் மழை பொய்த்தது. நாளைக்கு எட்டு மணிநேரம் வரை மின்வெட்டு. குப்பி விளக்கில் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பயத்தில்தான் தனியார் எண்ணெய் நிலையங்கள் வரிசையாக வந்தன: சப்புகஸ்கந்த, கொழும்புத் துறைமுகத்தில் ஒரு மிதவை நிலையம், மாத்தறை, ஹொரணை, எம்பிலிப்பிட்டி, புத்தளம். பல ஒப்பந்தங்கள் பத்தாண்டுக்கானவை. இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொள்ளளவுக் கட்டணம் உண்டு. எம்பிலிப்பிட்டியின் தவணை 2015இல் முடிந்தது. கொஞ்ச நாளில் "அவசரக் கொள்வனவு" என்ற பெயரில் அதே நிலையம் திரும்பி வந்தது. நம் ஊரில் கலியாணத்துக்கு என்று போட்ட பந்தல் வருஷக்கணக்கில் நின்ற மாதிரி.

நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 2014இல் 900 மெகாவாட்டாக நிறைவடைந்தும் டீசல் போகவில்லை. 2022இல் காவலாளியின் வண்டவாளம் வெளிச்சத்துக்கு வந்தது. நிலையங்கள் இருந்தன, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு. சில நாளில் நோன்பு தொடங்கியது. இருட்டில் ஸஹர் செய்த வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதற்காக இன்றே எல்லாவற்றையும் மூடு என்றும் சொல்ல முடியாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள், நாடே இருண்டது. நாமும் குரங்கை வைத்துச் சிரித்தோம். ஆனால் அன்று மின் தேவை குறைவு, கூரைச் சூரியமின் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழலும் இயந்திரங்கள் வலையமைப்பில் போதாமல் இருந்தன. அதே ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சூரியமின்னைப் பகலில் நிறுத்தும்படி மின்சார சபையே கேட்டது. பகலில் மிச்சம், மாலை ஆறரைக்குப் பிறகு தட்டுப்பாடு. அந்த நான்கு மணிநேரத்துக்குத்தான் டீசல் இன்னும் எரிகிறது.

சம்பூரில் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். நமக்குச் சந்தோஷமே. ஆனால் சூரியனும் மஃரிபோடு போய்விடும். ஆகவே நாம் கேட்க வேண்டியது மெகாவாட் எண்ணிக்கையை மட்டுமல்ல, எத்தனை மணிநேரத்துக்கு பற்றரிச் சேமிப்பு என்பதையும்தான். எந்த டீசல் நிலையம் எந்த ஆண்டில் மூடப்படும், அன்று மாலை ஏழு மணிக்கு அதன் இடத்தில் எது ஓடும் என்று எழுத்தில் தரட்டும். "தற்காலிகம்" என்ற சொல்லை நாம் 1996இலிருந்து கேட்டு வருகிறோம்.