குன்னூர் முதல் அடையாறு வரை: நோயெதிர்ப்பு மருத்துவமும் கருப்பைவாய்ப் புற்றுநோயும்

முன்னுரை

உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டி நோயை வெல்லும் மருத்துவம் தமிழகத்திற்குப் புதியதன்று. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் அதன் தொடக்கக் களங்களுள் ஒன்று. அந்நிறுவன வரலாற்றை இன்றைய கருப்பைவாய்ப் புற்றுநோய் மருத்துவத்துடன் ஒப்பிட்டு, மருந்தின் ஆற்றலோடு அதை அடையும் தொலைவும் பயனைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குன்னூர் காட்டிய வழி

வெறிநாய்க்கடிக்கான ஊசி கடிபட்ட பின்னரே போடப்பட்டது. வைரசு நரம்பு வழியே மூளையை அடையப் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எதிர்ப்பாற்றலை உருவாக்குவதே பாஸ்டர் முறையின் அடிப்படை. தொடக்கத்தில் சமவெளியில் கடிபட்டோர் மலையேறி வரவேண்டியிருந்தது. பயணத்தில் கழிந்த ஒவ்வொரு நாளும் அந்த இடைவெளியைச் சுருக்கியது. டேவிட் சேம்பிள் கசௌலியில் உருவாக்கிய, கார்பாலிக் அமிலத்தால் வைரசைச் செயலிழக்கச் செய்த தடுப்பூசியை வெளியூர்களுக்கு அனுப்ப முடிந்தது. அதனால் சிகிச்சை சமவெளி மருத்துவமனைகளுக்கு இறங்கியது.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் காலம்

இப்புற்றுநோய்க்கும் காரணம் வைரசே. மனிதப் பாப்பிலோமா வைரசு தொற்றியபின் புற்றுநோய் உருவாகப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். காலம் மிகுதியாக இருந்தும் வெறிநாய்க்கடி முறை இங்குப் பொருந்தவில்லை. இன்றைய தடுப்பூசி புதிய தொற்றைத் தடுக்குமேயன்றி முன்பே நிலைத்த தொற்றை நீக்காது. எனவே நோயுற்றோருக்கு வேறு வழி தேடப்பட்டது. அடையாறு புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள், நோயாளியின் டென்ட்ரிடிக் செல்களைக் கொண்டே தயாரித்த தடுப்பூசியைச் சோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். டி-செல்களைத் தடுக்கும் பி.டி.-1 என்னும் கட்டுப்பாட்டை நீக்கும் பெம்பரோலிசுமாப் மருந்துக்கு, முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோயில் பயன்படுத்த 2018-இல் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது. விலைமிக்க இம்மருந்தும் அதற்குரிய ஆய்வக வசதியும் பெருநகர மருத்துவமனைகளையே சார்ந்துள்ளன.

ஊருக்குச் சென்ற சோதனை

இதற்கு மாறான சான்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. பயிற்சி பெற்ற செவிலியர் கிராமப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையை ஒரேயொரு முறை செய்தனர். சோதனை நடந்த பகுதிகளில் இந்நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

முடிவுரை

அன்று சமவெளியார் மருந்துக்காக மலையேறினர். இன்று தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளி உயர் சிகிச்சைக்காகக் கூலியை இழந்து மலையிறங்க வேண்டியுள்ளது. குன்னூர் ஊசி பல உயிர்களைக் காத்தது, அது குன்னூரை விட்டு வெளியே சென்றதாலும்தான். புதிய நோயெதிர்ப்புச் சிகிச்சையையும் இந்த அளவுகோல் கொண்டே மதிப்பிடல் தகும்.